சூரிஞ்சானும் செங்காந்தளும்

ஆத்தூருக்கு வடமேற்கே ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தயம் வழியாகத் தாராபுரம் வரை பரந்து கிடக்கும் வறண்ட நிலங்களில், பந்தலில் படர்ந்து பூக்கும் செங்காந்தளைக் காணலாம். தமிழ்நாட்டின் மாநில மலரான இதனை உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்பர். காலை வேளையில் பூப்பூவாகச் சென்று மகரந்தத்தைக் கையால் தொட்டு வைத்தால்தான் காய் நன்கு பிடிக்கும். இத்துணை உழைப்பும் விதைக்காகவே. விதையை மருந்தாலைகள் நாடுவதோ அதிலுள்ள கோல்சிசின் என்னும் ஆல்கலாய்டுக்காக.

இம்மருந்தின் வரலாறு செங்காந்தளில் தொடங்கவில்லை. அதன் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு செடியின் கிழங்கை அரபு மருத்துவர்கள் சூரிஞ்சான் என்று அழைத்தனர். நிக்ரிஸ் எனப்படும் விரல்மூட்டு வாதத்திற்கு அதனை அளித்தனர். இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல் கானூன் ஃபித் திப்’ நூலில் இதனைக் குறித்துள்ளார். நோயைத் தணிக்கும் அதே கிழங்கு வயிற்றைக் கெடுக்கும் என்பதை அம்மருத்துவர்கள் அறிந்திருந்தனர். மருந்தின் கேட்டை அடக்கத் துணைப்பொருள் சேர்ப்பது யூனானி மரபு. அத்துணைப்பொருளுக்கு ‘முஸ்லிஹ்’ என்று பெயர்.

தமிழ் மருத்துவமோ வேறு வழி கண்டது. கிழங்கைச் சீவி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்துவதைச் ‘சுத்தி’ என்றனர். கோல்சிசின் நீரில் கரையக்கூடியது. ஆகவே ஊறல் நீருடன் நஞ்சின் ஒரு பகுதி வெளியேறுவது வேதியியலுக்கும் இசைந்ததே. ஆனால் நஞ்சு எனப்பட்டதும் மருந்தும் ஒன்றே என்பதால், சுத்தி மிகுந்தால் மருந்தும் குறைந்துவிடும். எஞ்சியது எவ்வளவு என்று அளக்கவும் வழியில்லை.

1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்த்தியே, காவந்து ஆகிய இருவரும் சூரிஞ்சான் இனக் கிழங்கிலிருந்து இப்பொருளைப் பிரித்தனர். 1833இல் ஜெர்மானியரான கைகர் அதற்குக் கோல்சிசின் எனப் பெயரிட்டார். செங்காந்தளிலும் அதுவே உள்ளது என்பது 1915இல் உறுதியாயிற்று.

விதையிலிருந்து அதனை எடுக்கும் முறையைச் சுருங்கக் கூறலாம். பொடித்த விதையிலிருந்து முதலில் எண்ணெய்ப்பசையை நீக்குவர். பின்னர் ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு இறக்குவர். பொதுவாக ஆல்கலாய்டுகள் காரத்தன்மை உடையவை. அமிலத்தில் கரைத்து, காரமிட்டு மீட்கலாம். கோல்சிசினில் காரத்தன்மை இல்லையென்றே கூறலாம். எனவே அவ்வழி இதற்குப் பயன்படாது. குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களாலேயே அதனை ஈர்க்க வேண்டும். அதன் பின்னரும் நிறமிகளும் உடன்பிறந்த ஆல்கலாய்டுகளும் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரிப்பது குரோமட்டோகிராஃபி. ரஷ்யத் தாவரவியலாளர் மிக்கேல் ஸ்வெட் 1900களின் தொடக்கத்தில் சுண்ணப்பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலை நிறமிகளைப் பிரித்துக் காட்டிய முறை இது. சிலிக்கா அல்லது அலுமினா நிரப்பிய குழாயினூடே சாறு இறங்கும்போது ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் நகர்ந்து தனித்தனியே வடிகிறது. கோல்சிசின் ஒளி பட்டால் சிதையும்; ஆதலால் வெளிச்சம் படாமல் காப்பர். பொதுவாக நூறு கிலோ விதையில் ஒரு கிலோ கூடத் தேறுவதில்லை.

முஸ்லிஹ் கேட்டை அடக்க முயன்றது; சுத்தி நஞ்சைக் குறைத்தது; குரோமட்டோகிராஃபி மருந்தைத் தனிமைப்படுத்தி நிறுக்கத் தந்தது. வாதத்திற்கு அரை மில்லிகிராம் அளவிலான மாத்திரை வழங்கப்படுகிறது. 2023இல் அமெரிக்காவில் மாரடைப்பைத் தடுப்பதற்கும் இம்மருந்து ஏற்பளிக்கப்பட்டது.

ஆயினும் அளவு தவறினால் கோல்சிசின் கொல்லும். பொதுப் பயன்பாட்டில் அதற்கு முறிமருந்து இல்லை. கண்வலிக்கிழங்கை உண்டு உயிர் துறந்தோரைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகள் அறியும். பழைய நூலில் பெயர் கண்டதனாலேயே கிழங்கைத் தாமாக உண்ணத் துணிவது அந்நூலோர்க்குச் செய்யும் மரியாதையன்று. அவர்கள் தேடியது அளவை. அது தராசின் தட்டில் கிடைத்தது அண்மைக் காலத்தில்தான். மருந்தை விளைவிக்கும் உழவரின் ஊரிலேயே அதனைத் தூய்மை செய்யும் கல்வியும் வேரூன்றுமாயின், விதையோடு வெளியேறும் வருவாயின் ஒரு பகுதியேனும் இம்மண்ணில் தங்கும்.