மல்கோவா கடல் கடந்த கதை

சேலம் கடைவீதியில் மல்கோவாவைக் கண்ணால் தேர்ந்தெடுக்க முடியாது. செந்தூரம் சிவந்த கன்னத்தைக் காட்டிக் கூப்பிடும். பங்கனபள்ளி மஞ்சள் பூசி நிற்கும். மல்கோவாவோ உருண்டு, கனத்து, பழுத்த பிறகும் பச்சை முழுதும் போகாத தோலோடு கூடையில் கிடக்கும். காம்படியில் மூக்கை வைத்து மோந்து, உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தெரியாதவர்கள் காய் என்று நினைத்து ஒதுக்கிவிட்டுப் போவார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தியை வைத்தால்தான் அது என்ன பழம் என்று தெரியும். பெரிய பழத்துக்குள் கொட்டை சிறியது. இரண்டு பக்கமும் கதுப்பை அரிந்தால் தடித்த துண்டுகளாக விழும். மஞ்சள் சதையில் நார் இல்லை. பல்லிடுக்கில் ஒன்றும் சிக்காது, சாறு மட்டும் முழங்கை வரை வழியும். இதைச் சமையலில் போட எனக்கு மனம் ஒப்புவதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்குப் பெங்களூராவும் அல்போன்சாவும் போதும். ஊறுகாய்க்கும் பச்சடிக்கும் வேறு மரங்கள் இருக்கின்றன. மல்கோவாவை அரிந்து, அரிந்த இடத்திலேயே உட்கார்ந்து தின்றுவிட வேண்டும்.

இவ்வளவு இருந்தும் தோட்டக்காரர்கள் இதை அதிகம் நடுவதில்லை. கொத்துக் கொத்தாகக் காய்க்கிற மரமல்ல இது. ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் இலையைக் காட்டிக்கொண்டு நிற்கும். சீசனில் பிந்தி வரும். பழுத்துவிட்டால் தூரப் பயணம் தாங்காது. பக்கத்து ஊருக்குக்கூட வைக்கோல் பரப்பி, அடுக்கி, அசையாமல் கொண்டுபோக வேண்டிய பழம் இது. இதன் பெயர்தான் அமெரிக்கா போய், இன்று உலகச் சந்தையை ஆளும் மாம்பழங்களின் வம்சத்துக்குத் தலைப்பெயராக நிற்கிறது.

1889-இல் அமெரிக்க வேளாண் துறை இந்தியாவிலிருந்து ஒட்டுமாங்கன்றுகளை வரவழைத்தது. மல்கோவா என்ற பெயரில் போனவையும் அவற்றில் இருந்தன. அங்கே அந்தப் பெயரை ‘முல்கோபா’ என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கப்பலில் வாரக்கணக்கான உப்புக்காற்றைத் தாண்டி, ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் லேக் வொர்த் ஏரிப் பக்கம் எல்பிரிட்ஜ் கேல் என்பவரிடம் கன்றுகள் வந்து சேர்ந்தன. கேன்சாஸில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் கேல். முதிர்ந்த வயதில் மாங்கன்று வளர்க்க உட்கார்ந்தவர்.

1894–95 குளிர்காலத்தில் ஃபுளோரிடாவில் இரண்டு முறை கடும் உறைபனி இறங்கியது. ஆரஞ்சுத் தோப்புகள் கருகின. பனியே அறியாத மண்ணிலிருந்து போன மாங்கன்றுகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. கேலின் தோட்டத்தில் மல்கோவா ஒன்றே ஒன்று பிழைத்தது. 1898-இல் அது காய்த்தது. அதுவரை அந்த ஊர்க்காரர்கள் அறிந்த மாம்பழம் ‘டர்பென்டைன்’ என்ற ஜாதி. பெயரே சொல்லிவிடும்: பிசின் வாடை, வாய் நிறைய நார். மேற்கிந்தியத் தீவுகள் வழியாக வந்து அந்த மண்ணில் காட்டுத்தனமாகத் தழைத்த மரம். அதைச் சப்பிப் பழகிய நாவுக்கு நாரில்லாத மல்கோவா கதுப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்த ஒற்றை மரத்தின் கன்றுகளை ஜான் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் 1902-இல் மயாமியை அடுத்த கோகனட் குரோவில் நட்டார். இவை ஒட்டுக்கன்றுகள் அல்ல, கொட்டை முளைத்த கன்றுகள். இந்த வித்தியாசம்தான் முக்கியம். நம் நாட்டு மாவில் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் ஒரே கரு. அது தாய்ப்பூவும் ஏதோ ஒரு மரத்து மகரந்தமும் சேர்ந்து உண்டானது. அதனால் மல்கோவாக் கொட்டையை ஊன்றினால் மல்கோவா வராது. தாயின் சாயலும் யாரோ ஒரு தகப்பனின் சாயலும் கலந்த புது மரம் வரும். மல்கோவாவே வேண்டுமென்றால் கொப்பை எடுத்து ஒட்டுக்கட்டத்தான் வேண்டும்.

நட்ட மறுவருஷம், 1903-இல், கேப்டன் இறந்துபோனார். அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் அந்தக் கன்றுகளைக் காப்பாற்றி வளர்த்தார். 1910-இல் ஒரு மரத்தில் பழம் பிடித்தது. தாயிடம் இல்லாத சிவப்பு அதில் இருந்தது. மஞ்சள் மேனியில் குங்குமம் தீற்றிய மாதிரி. ருசியும் இருந்தது. ‘ஹேடன்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். உலகம் இந்தக் கதையில் கேப்டனின் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. எனக்கென்னவோ அந்த அம்மாளின் தண்ணீர்க் குடம்தான் கண்ணில் நிற்கிறது.

ஹேடனின் தகப்பன் யார்? ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது அந்த நார் மாங்காய்தான், டர்பென்டைன்தான், என்று தெரிந்தது.

ஹேடனின் கொட்டைகளும் சும்மா இருக்கவில்லை. ஃபோர்ட் லாடர்டேல் பக்கம் 1920-களில் முளைத்த ஒரு கன்றுதான் ‘டாமி அட்கின்ஸ்’. அதன் உரிமையாளர் 1950-களில் ஃபுளோரிடா மாம்பழ மன்றத்துக்குப் பழத்தைக் கொண்டுபோனபோது, நார் இருக்கிறது, ருசி போதாது என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் தோல் சிவப்பு, சதை கெட்டி, பெட்டியில் அடுக்கி நாள்கணக்கில் அனுப்பினாலும் அடிபடாது. வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். இன்று மெக்சிகோவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளுக்குப் பெட்டி பெட்டியாகப் போவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மல்கோவாவின் பேத்தி அது. பாட்டியிடம் இல்லாத சிவப்பும் திடமும் அதற்கு உண்டு. பாட்டியின் நாரில்லாத சதையும் வழியும் சாறும் மட்டும் வந்து சேரவில்லை. அயல்நாட்டில் குடியேறிய நம் பிள்ளைகள் அதைத் தின்று ‘மாம்பழம் இவ்வளவுதானா’ என்று கேட்கும்போது மனது கஷ்டப்படுகிறது.

இந்திய மாம்பழம் அமெரிக்கக் கடைகளுக்கு மறுபடி போனது 2007-இல்தான். பூச்சிப் பயத்தால் நெடுங்காலம் மூடியிருந்த கதவு, கதிர்வீச்சில் காட்டி அனுப்பலாம் என்ற ஒப்பந்தத்தால் திறந்தது. முதலில் விமானம் ஏறியவை அல்போன்சாவும் கேசரும். மல்கோவா வழக்கம்போல வைக்கோல் கூடையில், சேலத்தில்.

போன ஆனியில் ஒரு பழத்தை அரிந்து முடித்த பிறகு கொட்டையை எறியக் கை வரவில்லை. ஓட்டைப் பிளந்து பருப்பை எடுத்து மண்தொட்டியில் ஊன்றினேன். மூன்று வாரத்தில் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டது. “கொட்டைக் கன்னுக்கு எதுக்குங்க இவ்வளவு தண்ணி, ஒட்டு வாங்கி வெச்சா நாலு வருஷத்துல காய்க்குமே” என்கிறார் பக்கத்து வீட்டு நாற்றங்கால்காரர். அவர் சொல்வது சரி. இதன் தகப்பன் எந்தத் தோட்டத்து மரமென்று நாக்கு சொல்ல இன்னும் எட்டு வருஷமாவது ஆகும்.