மாயாவி கற்பித்த தமிழ்

மொழி வாழ்வது புலவர்தம் ஏட்டில் மட்டுமன்று. சிறுவர் கையிலுள்ள மலிவுப் புத்தகத்திலும் அது வாழும். இதற்கு வல்லார்பாடத்தில் வளர்ந்த நாமே சான்று.

1962-ஆம் ஆண்டில் ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கிலேயச் சிறுவர் வார இதழில் தோன்றிய சித்திரக்கதை வீரன் ஒருவன், பத்தாண்டுகள் கழித்துச் சிவகாசியில் தமிழ் பேசினான். சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1972-இல் தன் முதல் வெளியீடாக அளித்த ‘இரும்புக்கை மாயாவி’யே அவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும்; இரும்புக் கை மட்டும் தெரியும். 1984-இல் அவர்தம் மைந்தர் விஜயனின் லயன் காமிக்ஸ் பிறந்தது.

2004-இல் கோஸ்ரீப் பாலங்கள் திறக்கப்படுமுன் எர்ணாகுளம் செல்ல நமக்குப் படகே துணை. ஊர் சென்று திரும்பிய உறவினர் கொணர்ந்த இதழ்களைப் படகுத்துறையில் கைமாற்றிப் படித்தோம். “பாடத்தைப் படியுங்கள்!” எனப் பெரியோர் கடிந்தனர். ஆயினும், பள்ளியில் மலையாளம் பயின்ற நமக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பித்தவன் அம்மாயாவியே.

இடையில் தளர்ந்த லயன், 2012-இல் மீண்டும் எழுந்தது. பழைய இதழ்களின் நினைவை இணையத்தில் பகிர்ந்து மகிழும் அன்பர் இன்று நாடெங்கும் உளர்.

நம் பிள்ளைகளோ வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழ்ப் பலகையைப் படிக்கத் தயங்குகின்றனர். பெட்டியில் உறங்கும் அவ்விதழ்களை அவர்தம் கையில் கொடுப்போம். கடிந்துரையாது உடனிருந்து படிப்போம். விளையாட்டாய் வந்த எழுத்து வாழ்நாளெல்லாம் நிலைக்கும்.