பிரித்து வைத்த மருந்து: வாணவேடிக்கையின் வரலாற்றில் சில பக்கங்கள்

மொன்றியலில் கோடை பிறந்தால் சில இரவுகளில் பத்து மணியளவில் வானம் முழங்கத் தொடங்கும். சென் லோறன்ஸ் ஆற்றின் நடுவே, சென்ற் எலென் தீவிலுள்ள லா ரோண்ட் பூங்காவில் 1985 ஆம் ஆண்டு ஆரம்பித்த அனைத்துலக வாணவேடிக்கைப் போட்டியின் முழக்கம் அது. அந்த ஒலி எம்மவர் வீடுகளில் இரு வகையாகக் கேட்கிறது. இங்கு பிறந்த பிள்ளைகள் யன்னலை நோக்கி ஓடுகின்றனர். ஊரில் ஷெல்லடிக்குப் பதுங்குகுழி தேடி ஓடிய அம்மம்மாவோ முதல் முழக்கத்தில் யன்னலை விட்டு விலகிச் சுவரோரம் ஒதுங்குகிறார். இரண்டும் ஒரே மருந்தின் பிள்ளைகள் என்பதை அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அத்தீவுக்கும் ஒரு வெடிமருந்து வரலாறு உண்டு. 1812 இல் மூண்ட அமெரிக்கப் போர் முடிந்தபின், 1820 களின் முற்பகுதியில் பிரித்தானியர் அங்கே ஒரு கோட்டையையும், ஆயுதக் களஞ்சியத்தையும், தடித்த கற்சுவர் கொண்ட வெடிமருந்துக் களஞ்சியங்களையும் கட்டினர். நகருக்கும் மருந்துக்கும் இடையே ஓர் ஆறு ஓடியது. அக்களஞ்சியங்களுள் ஒன்று 1958 முதல் சில காலம் நாடக அரங்காகவும் விளங்கியது. மக்களையும் மருந்தையும் பிரித்து வைத்தல், மருந்தையும் மருந்தையும் பிரித்து வைத்தல் என்னும் இரண்டுமே வாணத் தொழிலின் பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படை. இரண்டாவதன் கதையையே இங்கு விரித்துரைக்க விரும்புகின்றோம்.

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே பழைய கருமருந்து. கீழைத்தேயத்தில் பிறந்து உலகெங்கும் பரவிய அம்மருந்து நெருப்பையும் பொறியையும் அஞ்சும். எனினும் உரசலையும் அடியையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதற்கு இருந்த குறை நிறமின்மை. பொன்னிறப் பொறியையும் வெண்சுடரையும் விட்டால் பழைய வாணங்களில் வேறு வண்ணம் அரிது. எமது கோயில் திருவிழாக்களில் ஒரு காலத்தில் எரிந்த பூவாணமும் சக்கரவாணமும் பெரும்பாலும் அந்தப் பொன்னிறத்தவையே.

வண்ணம் வந்த வழி பிரான்சிலிருந்து தொடங்குகிறது. 1780 களின் பிற்பகுதியில் பேர்தொலே என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் பொற்றாசியம் குளோரேற்று என்னும் புதிய உப்பைக் கண்டறிந்தார். வெடியுப்பின் இடத்தில் இதனை இட்டால் மேலும் வலிய வெடிமருந்து கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1788 ஒக்டோபரில் பாரிசுக்குத் தெற்கேயுள்ள எசோன் வெடிமருந்து ஆலையில் பரிசோதனை நடைபெற்றது. நவீன இரசாயனவியலின் தந்தை எனப் போற்றப்படும் லவோசியே தம் மனைவியாருடன் அங்கே சென்றிருந்தார். பேர்தொலேயும் உடனிருந்தார். காலை உணவுக்காக அவர்கள் அப்பால் சென்றிருந்த வேளையில் கலவை தானாக வெடித்தது. அருகில் நின்ற இருவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் இளம்பெண். அக்காலத்தில் உலகிலேயே மிகுந்த இரசாயன அறிவு படைத்தோர் நேரில் நின்றும் அவ்விரு உயிர்களைக் காக்க முடியவில்லை. வீட்டு நிலக்கீழறையில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கலவை செய்ய எண்ணும் இளைஞர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியையாவது படித்திருத்தல் நன்று.

போருக்கு உதவாத குளோரேற்று வாணத்துக்கு உதவிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதன் வெம்மையால் ஸ்ரொன்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், செம்பு நீலத்தையும் தந்தன. வானம் வண்ணமயமாயிற்று. ஆனால் பழைய வழக்கப்படி கந்தகமும் அதனோடு சேர்ந்தபோதுதான் விபரீதம் விளைந்தது. கந்தகம் காற்றும் ஈரமும் பட்டுச் சிறிதளவு அமிலத்தன்மை அடையும். அந்த அமிலம் குளோரேற்றைத் தாக்கும். அதனால் எவரும் தீ வையாமலே கலவை தானே பற்றக்கூடும். இன்று கலந்தது நாளையும் பற்றலாம், கிடங்கில் கிடந்தும் பற்றலாம். அன்றியும் இக்கலவை சிறிய உரசலுக்கும் தட்டுதலுக்கும் வெடிக்கவல்லது. ஒரு நூற்றாண்டுக் காலம் தொழிலாளர் இதனை உடல் கருகி அறிந்தனர்.

இங்கிலாந்தில் 1871 முதல் வெடிபொருள் தலைமைப் பரிசோதகராக இருந்தவர் விவியன் மஜண்டி. அவருடைய காலத்தில், 1894 ஆம் ஆண்டில், வாணங்களில் குளோரேற்றையும் கந்தகத்தையும் ஒன்றாகக் கலப்பது அங்கே தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் 1992 ஜனவரி 27 ஆந் திகதிய அறிவித்தலும் இதே கலவையை விலக்குகிறது. அவ்வறிவித்தல் தரும் விலக்குகளைக் கவனிப்போர் வியப்படைவர். விஞ்ஞானத் தேவைக்கான சிறிய அளவு, விளையாட்டுத் துப்பாக்கிப் பொட்டுவெடி, நெருப்புக்குச்சியின் தலை ஆகியவையே அவை. ஆம், எமது அடுப்படியில் கிடக்கும் நெருப்புப்பெட்டியில் குளோரேற்றும் கந்தகமும் இன்றும் கூடியிருக்கின்றன. ஆயினும் அவை பசையிலே கட்டுண்டு, ஒரு துளியளவாய் நிற்கின்றன. பற்றவைக்கும் சிவப்புப் பொஸ்பரசோ குச்சியில் இல்லை, பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. இங்கேயும் பிரித்து வைத்தல்தான் காவல். சிறுபராயத்தில் நெருப்புக்குச்சி மருந்தைச் சுரண்டி விளையாடியவர்கள் எம்மிடையே பலர் உளர். நாமும் அவர்களுள் அடக்கம். சுரண்டுவது என்பது அந்தக் காவலை எம் கையாலேயே கழற்றுவது என்பதை அந்நாளில் எவரும் எமக்குச் சொல்லவில்லை.

நெருப்புக்குச்சி என்றதும் சிவகாசி நினைவுக்கு வருதல் இயல்பு. 1920 களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். மழை குறைந்த, வேளாண்மைக்கு வஞ்சனை செய்த அந்த வரண்ட மண்ணே மருந்து உலர்த்துவதற்கு வாய்ப்பாயிற்று. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்புக்கும், மத்தாப்பிலிருந்து வெடிக்கும் தொழில் வளர்ந்தது. 1940 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின் பின் உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தன. உலகப் போர் வெளிநாட்டு வாணங்களின் வரவை நிறுத்தியதும் அவற்றுக்கு ஆதாயமாயிற்று. இன்று இந்திய நாட்டு வெடிகளின் பெரும்பகுதி அந்த வட்டாரத்திலேயே உருவாகிறது.

சிவகாசியில் விதிகள் இல்லாமலில்லை. ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யலாகாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். கலந்த மருந்தை இரவு தங்கவிடலாகாது. இவை ஒவ்வொன்றும் ஒரு சாவின் பின் எழுதப்பட்டவை என்றே எமக்குத் தோன்றுகிறது. ஆனால் தீபாவளி நெருங்கும்போது விதி சுருங்கி, அறை நெருங்குகிறது. 2012 செப்ரெம்பர் 5 ஆந் திகதி முதலிப்பட்டியிலிருந்த ஆலையொன்று தீப்பற்றியது. விதிமீறலுக்காக அதன் உரிமம் இடைநிறுத்தப்பட்டிருந்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். புகை கண்டு உதவ ஓடிவந்த அயற்கிராமத்தவர். அருகே செல்லற்க என்று அவர்களைத் தடுக்க எவருமிருக்கவில்லை.

2016 ஏப்ரல் 10 அதிகாலை கேரளத்தின் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, விலக்கப்பட்ட குளோரேற்று அங்கே பயன்பட்டிருந்ததாக ஆய்வாளர்கள் கூறினர். மலிவும், ஓசை மிகுதியும், பக்கத்து அணியை வெல்லும் ஆசையும் சட்டத்தை வென்றன. திருவிழாப் போட்டி என்றால் என்ன என்பது எமக்கும் தெரியாததன்று.

இவையெல்லாம் இந்தியாவில் நடப்பவை என்று கனடாவில் இருந்துகொண்டு ஆறுதல் கொள்வோர் உண்டு. மொன்றியலுக்குத் தென்மேற்கே, ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் உள்ள கொத்தோ டு லாக்கில், 2013 யூன் 20 ஆந் திகதி வாணக் கிடங்கு ஒன்று வெடித்துச் சிதறியது. இரு பெண்கள் பலியாயினர். கியூபெக்கின் தேசிய நாளாகிய யூன் 24 க்கு இன்னும் நான்கு நாட்களே இருந்தன. சிவகாசிக்குத் தீபாவளி எப்படியோ, இம்மாகாணத்துக்கு அந்நாள் அப்படி.

கனடாவின் சட்டத்தை எமது குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம். ஊரில் சித்திரைப் புத்தாண்டுக்கு வெடித்த கோர்வைச் சீனவெடி இங்கே 1972 முதல் பொதுமக்களுக்குத் தடையாயிற்று. சீனரின் புத்தாண்டு போன்ற பண்பாட்டு விழாக்களுக்குத் தனி அனுமதியுடன் மட்டுமே அதற்கு இடமுண்டு. கடையில் விற்கும் சாதாரண வாணங்களை வாங்கப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். கொளுத்துவதற்கான விதி நகருக்கு நகர் வேறுபடும் ஆதலால் வாங்குமுன் நகரசபையில் விசாரித்தல் நன்று. வாணத்தை உரிய அனுமதியின்றி வீட்டில் தயாரிப்பது குற்றம். இவ்விடத்தில் மூடிமறையாமல் ஒன்று சொல்ல வேண்டும். வெடிபொருள் என்ற சொல் எம்மவர் மீது எளிதில் ஒட்டிக்கொள்ளும். பதினாறு வயதுப் பையனுக்கு அது விளையாட்டு. காவல்துறைக்கு அது வெடிபொருள் வழக்கு. குடியுரிமை இன்னும் கிடைக்காதோர்க்குக் குற்றத் தீர்ப்பு குடிவரவு நிலையையே ஆட்டிவிடக்கூடும்.

ஆர்வமே கூடாது என்பது எம் கருத்தன்று. வாணம் ஒரு கலை, அதிலே விஞ்ஞானமும் உண்டு. கனடா இயற்கை வளத் திணைக்களத்தின் கீழ் வாணக் காட்சி நடத்துவோருக்கான பயிற்சியும் சான்றிதழும் உள்ளன. பதினெட்டு வயதைத் தாண்டிய இளைஞர் அவ்வழியே சென்று, அனுபவமிக்க மேற்பார்வையாளரின் கீழ்ப் பழகலாம். இரசாயனத்தில் நாட்டமுள்ள பிள்ளையைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியரிடம் அனுப்புங்கள். பிள்ளையின் அறையிலோ கராஜிலோ பெயர்ச்சீட்டில்லாத தூள்கள், சுரண்டிய நெருப்புக்குச்சிகள், கலவைப் போத்தல்கள் எவையேனும் கண்டால் அவற்றை எடுக்கவோ, மூடியைத் திருகவோ, குப்பையில் கொட்டவோ வேண்டாம். மூடியின் புரியில் ஒட்டிய தூளுக்கு அந்தத் திருகலே போதும். பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று 911 ஐ அழையுங்கள்.

கடையில் வாங்கிய வாணம் பற்றாமற் போனால் மீண்டும் கொளுத்த முற்படலாகாது. குறைந்தது அரை மணி நேரம் அதனைக் கிட்டாமல் விட்டு, பின்னர் ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்திவிடல் வேண்டும். அந்த வாளியை முதல் வாணம் கொளுத்துமுன்னரே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.