யுத்தத்துக்குப் பிறந்த பேனாவும் நம்ம மலைத்தேனீயும்

போடி, கம்பம் பக்கத்துல இருந்து விடியக்காலையில ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போற சனங்களுக்கு மலைத்தேனீ புதுசு இல்லை. ஏலப்பூ காயாகணும்னா தேனீ வந்தே ஆகணும். கொட்டினா பெரும்பாலும் வீக்கம், வலி, அவ்வளவுதான். ஆனா யாரோ ஒருத்தருக்கு மட்டும் ஒரே கொட்டுல உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை அடைப்பு, மூச்சுத்திணறல், மயக்கம். அது ஏன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். நான் டாக்டர் இல்லீங்க, சரித்திரம்னா கொஞ்சம் பைத்தியம்.

பிரான்ஸ்ல சார்லஸ் ரிஷே, போர்ட்டியே என்று இரண்டு விஞ்ஞானிகள். கடல் சாமந்தி என்ற உயிரியின் விஷத்தைக் கொஞ்சமா நாய்க்குக் கொடுத்தா எதிர்ப்புசக்தி வரும்னு நம்பினாங்க. நடந்ததோ தலைகீழ். முதல் ஊசியைத் தாங்கின நாய், மூணு வாரம் கழிச்சுப் போட்ட சின்ன அளவுக்கே அரைமணி நேரத்துக்குள்ள செத்துப்போச்சு. காப்பாத்த வேண்டிய உடம்பே எதிரியாகுது! 1902-ல் இதுக்கு அனபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913-ல் ரிஷேவுக்கு நோபல் பரிசு.

வேடிக்கை என்னன்னா, நோய்க்குப் பெயர் வைக்கிறதுக்கு முன்னாடியே மருந்து கையில இருந்தது. ஜப்பானில் பிறந்த தகாமினே, உதவியாளர் உயெனகாவோடு சேர்ந்து, அமெரிக்காவில் அட்ரினலினைப் பிரித்தெடுத்து 1901-ல் உலகத்துக்குச் சொல்லிவிட்டார். சுருங்கின மூச்சுக்குழாயைத் திறக்கும், விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கும். இன்னிக்கும் இதுக்கு மாத்து இல்லை.

மருந்து இருந்தும் போடுறதுக்கு ஆள் வேணுமே? அந்தக் கேள்விக்குப் பதில் யுத்தத்துல இருந்து வந்தது. நச்சுவாயு தாக்கினா ராணுவ வீரன் தானே தொடையில் குத்திக்கொள்ள ஒரு தானியங்கி ஊசியை 1970-களில் ஷெல்டன் கப்லான் என்ற எஞ்சினியர் குழு உருவாக்கியது. அதே அமைப்புக்குள்ள அட்ரினலினை வைத்ததுதான் எபிபென். 1987-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

இங்கதான் எனக்குக் கோபம் வருது. 2007-ல் சுமார் 100 டாலருக்கு விற்ற இரட்டைப் பேனா, 2016-ல் 600 டாலரைத் தாண்டியது. பேனா ஒரு தடவை செலுத்துறது 0.3 மில்லிகிராம். நம்ம ஊர் ஆம்பூல்ல 1 மில்லிகிராம் இருக்கு, விலை சில ரூபாய்தான். விலையெல்லாம் உள்ளே இருக்கிற மருந்துக்கு இல்லை, வெளியே இருக்கிற கூட்டுக்கு! நம்ம மருந்துக்கடைகளில் அந்தப் பேனா சாதாரணமாகக் கிடைப்பதும் இல்லை. தேவைப்படுறவங்க வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறாங்க.

அப்படி வாங்கி வச்சிருக்கிறவங்களுக்கு: 20-25 டிகிரியில், வெளிச்சம் படாம வைக்கணும். வெயில்ல நிக்கிற ஜீப் டேஷ்போர்டும் ஆகாது, ஃபிரிட்ஜும் ஆகாது. கண்ணாடி வழியா பார்த்து, மருந்து பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தா மாத்திடுங்க. நீல மூடியைக் கழற்றி, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கத்தில் "டக்"னு கேட்கிற வரை அழுத்தி, 3 விநாடி பிடிக்கணும். துணிக்கு மேலேயே குத்தலாம். முனையில் கட்டைவிரலை வச்சுடாதீங்க. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்க, மூச்சுத்திணறினா சாய்ந்து உட்காரட்டும், எழுந்து நடக்கவிடாதீங்க. தேறிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். 5-லிருந்து 15 நிமிஷத்துல குறையலைன்னா இரண்டாவது பேனா.

பேனா இல்லாதவங்களுக்கு? 2000-ல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, கொட்டுப்பட்டு இறந்தவர்களில் பாதிப்பேருக்கு 15 நிமிஷத்துக்குள்ளேயே மூச்சோ இதயமோ நின்றுபோனதாகச் சொல்கிறது. போடிமெட்டிலிருந்து போடிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல, அத்தனையும் கொண்டை ஊசி வளைவு. 15 நிமிஷத்துல எந்த டிரைவராலும் இறங்க முடியாது. அதனால மருந்துதான் மேலே ஏறணும். ஒவ்வொரு தோட்டத்துலயும் ஒரு ஆம்பூல், ஒரு சிரிஞ்சு, அளவு தெரிஞ்சு போடப் பழகின ஒரு நர்ஸ். நூறு வருஷம் தாண்டின மருந்துக்கு இது பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்க.