எழுத்தர் பணிமூப்பு: காலக்கணக்கின் வரலாறு

மூப்பு என்னும் சொல் தமிழில் முதுமையைக் குறிப்பது. அரசு அலுவலக வழக்கில் 'பணிமூப்பு' என்று அது தொகையானபோது வயதோடு கொண்டிருந்த உறவை இழந்தது. வயதில் இளையவர் பணிமூப்பில் மூத்தவராகலாம். ஒரே நாளில் பணியேற்ற இருவருள் ஒருவர் மற்றவருக்குப் பத்தாண்டு மூத்தவராகவும் ஆகலாம். காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதே இதனைத் தீர்மானிக்கிறது. பணியேற்ற நாளா, பணி உறுதிசெய்யப்பட்ட நாளா, காலியிடம் தோன்றிய நாளா, கீழ்நிலைப் பட்டியலில் வகித்த இடமா என்னும் வினாவுக்கு இந்திய அரசும் நீதிமன்றங்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன. அவ்விடைகள் வெறும் நிருவாக நுணுக்கங்கள் அல்ல. பெரும்பாலானவை நாட்டுப் பிரிவினை, மாநிலச் சீரமைப்பு, சமூகநீதி ஆகிய வரலாற்று நெருக்கடிகளுக்குத் தரப்பட்ட மறுமொழிகள் என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

எழுத்தரும் படிநிலையும்

1922ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள், முற்றிலும் எழுத்துப் பணியே கடமையாகக் கொண்ட கீழ்நிலைப் பணியாளரை அமைச்சுப் பணியாளர் என வரையறுத்தன. இவ்வகையினருக்குள் கீழ்நிலை எழுத்தர், மேல்நிலை எழுத்தர் என்னும் பிரிவு நிலைபெற்றது. எல்.டி.சி., யு.டி.சி. என்ற சுருக்கப் பெயர்களிலேயே இவ்விரு நிலைகளையும் அலுவலக உலகம் அறியும். உயர் அலுவலருக்குப் பல படிகள் உண்டு. ஒரு படியில் இழந்ததை அடுத்த படியில் அவர் ஈடுசெய்துகொள்ள இயலும். எழுத்தருக்கோ பணிக்காலம் முழுவதிலும் கிட்டுவது இரண்டு அல்லது மூன்று படிகளே. கீழே பலரும் மேலே சிலருமாக அமைந்த இக்கட்டமைப்பில், பட்டியலில் ஓர் எண் கீழிறங்குவது பல ஆண்டு ஊதியத்தையும் இறுதியில் ஓய்வூதியத்தையும் தொடும். பணிமூப்பு வழக்குகளில் எழுத்தர்கள் காட்டிய விடாப்பிடியை இப்பின்புலத்திலேயே நோக்குதல் வேண்டும்.

பிரிவினையும் இரு குறிப்பாணைகளும்

1947ஆம் ஆண்டுப் பிரிவினையின் விளைவாக, பாகிஸ்தானுக்குச் சென்ற பகுதிகளில் பணியாற்றிய அரசு ஊழியர் பலர் இந்திய அலுவலகங்களில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டனர். பணி உறுதிப்பாட்டை அளவுகோலாகக் கொண்டால், நீண்ட காலம் பணிபுரிந்தும் இவர்கள் புதிய அலுவலகத்தின் கடைசி வரிசையில் நிற்க நேரும். உள்துறை அமைச்சகம் 1949 சூன் 22ஆம் நாள் வெளியிட்ட குறிப்பாணை, அதே படிநிலையிலோ அதற்கு நிகரான படிநிலையிலோ ஆற்றிய பணியின் நீளத்தையே மூப்புக்கு அடிப்படையாக்கியது. இடம்பெயர்ந்தோரை முன்னிட்டுப் பிறந்த அந்த நெறி பிறருக்கும் பொதுவாகப் பின்பற்றப்பட்டது.

பத்தாண்டுகளுக்குப் பின், 1959 திசம்பர் 22ஆம் நாள் அந்நெறி மாற்றப்பட்டது. புதிய குறிப்பாணை பணி உறுதிப்பாட்டுக்கு முதன்மை தந்தது. நேரடி நியமனம் பெற்றோரையும் பதவி உயர்வு பெற்றோரையும் அவரவர்க்குரிய பங்கின்படி மாறிமாறிப் பட்டியலில் நிறுத்தும் சுழற்சி முறையையும் வகுத்தது. அந்நாளுக்கு முன் பணியேற்றோர் பழைய நெறிக்கே உரியவர் என்று ரவிவர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இல் முடிவு செய்தது. இதனால் ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருந்தவர்களின் பணிக்காலம் இருவேறு கடிகாரங்களால் அளக்கப்பட்டது.

சுழற்சி முறை ஏட்டளவில் நேர்மையானது; நடைமுறையில் அது தடுமாறியது. நேரடி நியமனம் சில ஆண்டுகள் நிகழாவிடினும் அதற்குரிய இடங்கள் பட்டியலில் வெற்றிடமாக வைக்கப்பட்டன. பின்னர் வந்தவர் அவ்வெற்றிடத்தில் அமர்த்தப்பட்டபோது, அவர் பள்ளியிலோ கல்லூரியிலோ பயின்றுகொண்டிருந்த காலத்திலேயே மேல்நிலையில் பணியாற்றத் தொடங்கிவிட்டவருக்கும் மூத்தவரானார். 1986 பிப்ரவரி 7ஆம் நாளிட்ட குறிப்பாணை இவ்வழக்கத்தை நிறுத்தி, உண்மையில் ஆள் கிடைத்த அளவுக்கே சுழற்சியை வரையறுத்தது. பணி உறுதிப்பாடு என்ற அளவுகோலும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அது ஊழியரின் திறனையும் சாராமல், காலியிடம் இருப்பதையும் சாராமல் அமையும் ஒன்று என்று 1977ஆம் ஆண்டுப் பட்வர்தன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் குறிப்பிட்டது. 1990இல் மகாராட்டிரப் பொறியாளர் வழக்கில் அரசமைப்பு அமர்வும், விதிப்படி நியமிக்கப்பட்டவரின் மூப்பை நியமன நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றது. மூப்பையும் உறுதிப்பாட்டையும் பிரிக்கும் மைய அரசின் ஆணை 1992 நவம்பர் 4ஆம் நாள்தான் வெளிவந்தது. நீதிமன்றத்தின் 1977ஆம் ஆண்டுக் கண்டனத்திற்கும் இந்த ஆணைக்கும் இடையே கழிந்த பதினைந்து ஆண்டுகளை, ஓர் எழுத்தரின் பணிக்காலத்தில் சரிபாதி எனலாம்.

இவ்வினா அத்துடன் முடிந்துவிடவும் இல்லை. வருமானவரி ஆய்வாளர் தொடர்பான பர்மார் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், நியமன நடவடிக்கை தொடங்கிய ஆண்டையே நேரடி நியமனத்தாருக்குரிய ஆண்டாகக் கொள்ளலாம் என்றது. 2019 நவம்பரில், மணிப்பூர்க் காவல்பணி தொடர்பான மேகசந்திர சிங் வழக்கில் அத்தீர்ப்பு தவறெனக் கூறப்பட்டது. பணியில் சேராதவருக்குச் சேராத காலத்திற்குரிய மூப்பு இல்லை என்பது நெறியாயிற்று. ஆயினும் பர்மார் தீர்ப்பின்படி அதற்குள் அமைக்கப்பட்டுவிட்ட பட்டியல்கள் கலைக்கப்படவில்லை.

மாநிலச் சீரமைப்பு

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மறுவரையறை செய்யப்பட்டபோது எழுத்தர் சிக்கல் வேறொரு வடிவம் கொண்டது. புதிய மைசூர் மாநிலத்தில் பழைய மைசூர், பம்பாய், ஐதராபாத், சென்னை, குடகு ஆகிய ஐந்து நிருவாகங்களின் ஊழியர் ஒருங்கே சேர்ந்தனர். மலபார் சென்னையிலிருந்து கேரளத்திற்குச் சென்றது; திருவிதாங்கூர்-கொச்சியின் தென்வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்திற்கு வந்தன. 'எழுத்தர்' என்னும் பெயர் எங்கும் ஒன்றாயினும் பணி ஒன்றாக இல்லை. ஒரு நிருவாகத்தின் கீழ்நிலை எழுத்தர் மற்றொன்றின் எந்நிலைக்கு நிகர்?

பணியின் இயல்பு, அதிகாரமும் பொறுப்பின் அளவும், குறைந்தபட்சக் கல்வித்தகுதி, ஊதியம் என்னும் நான்கு அளவுகோல்கள் இதற்கென வகுக்கப்பட்டன. இவற்றுள் ஊதியம் இறுதியாக வைக்கப்பட்டது கவனத்திற்குரியது. செல்வவளம் வேறுபட்ட நிருவாகங்கள் ஒரே பணிக்கு வேறுவேறு ஊதியம் அளித்து வந்தமையால், ஊதியத்தை முதன்மையாகக் கொண்டிருந்தால் வளம் குன்றிய பகுதியின் எழுத்தர் அனைவரும் பட்டியலின் அடியில் தள்ளப்பட்டிருப்பர். சீரமைப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முறையீடுகளைக் கேட்டு நேரிய முடிவு காணும் பொறுப்பை மைய அரசிடம் விட்டது. கருநாடகத்தில் முதல்நிலை, இரண்டாம்நிலை உதவியாளர் என்றும், தமிழகத்தில் இளநிலை உதவியாளர், உதவியாளர் என்றும், கேரளத்தில் எல்.டி. கிளார்க் என்றும் பெயர்கள் இன்றும் வேறுபட்டு நிற்கின்றன.

தாமஸ் வழக்கு

எழுத்தரின் படிநிலை மாற்றம் அரசமைப்பின் சமத்துவக் கோட்பாட்டையே மறுவரையறை செய்யக் காரணமான நிகழ்வு கேரளப் பதிவுத்துறையில் தோன்றியது. அத்துறையில் கீழ்நிலை எழுத்தர் மேல்நிலை எழுத்தராவதற்குக் கணக்குத் தேர்வு, பதிவுத்தேர்வு, அலுவலக நடைமுறைக் கையேட்டுத் தேர்வு ஆகிய மூன்றிலும் தேறியிருத்தல் வேண்டும். பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி ஊழியர் பலர் இத்தேர்வுகளால் கீழ்நிலையிலேயே தேங்கினர். 1972 சனவரியில் கேரள அரசு 13ஏஏ என்னும் விதியைச் சேர்த்து, பணியிலிருந்த இவ்வகுப்பினருக்குத் தேர்வுகளில் தேற இரண்டாண்டு விலக்கு அளித்தது. அவ்வாண்டில் பதிவுத்துறையின் 51 மேல்நிலை எழுத்தர் இடங்களுள் 34 இடங்கள் தேர்வில் தேறாத பட்டியல் சாதியினரைக் கொண்டு நிரப்பப்பட்டன. எஞ்சிய 17 இடங்களே தேறியவர்களுக்குக் கிடைத்தன. 1971 நவம்பருக்குள் மூன்று தேர்வுகளிலும் தேறியிருந்தும் உயர்வு பெறாத தாமஸ் என்னும் கீழ்நிலை எழுத்தர் உயர் நீதிமன்றத்தை நாடினார். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1975 செப்டம்பர் 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அதனை மாற்றி விதியை ஏற்றது.

சட்டநூல்கள் இவ்வழக்கை வேறொரு காரணத்திற்காகவே போற்றுகின்றன. இடஒதுக்கீடு சமத்துவத்திற்கு விலக்கன்று, சமத்துவத்தின் ஒரு வடிவமே என்னும் கருத்து இத்தீர்ப்பில் வலுப்பெற்றது. ஆனால் வழக்கின் உண்மைகளைப் பணிமூப்பு வரலாற்றோடு சேர்த்து நோக்கினால் மற்றொன்றும் புலனாகும். விதி தேர்வை நீக்கவில்லை. அதன் காலத்தைத் தள்ளிவைத்தது. முதலில் தேர்வு, பின்பு உயர்வு என்றிருந்த வரிசையை முதலில் உயர்வு, பின்பு தேர்வு என்று மாற்றியது. ஆகவே உண்மைப் பூசல் தகுதி வேண்டுமா வேண்டாவா என்பதன்று. தகுதி பெறுவதற்குத் தரப்படும் காலம் யார் கணக்கில் எழுதப்படும் என்பதே. 51இல் 34 என்பதைத் தனியே பிரித்து நோக்கலாகாது, பணி முழுவதிலும் அவ்வகுப்பினர் பெற்றுள்ள இடத்தோடு ஒப்பிட வேண்டும் என்று தலைமை நீதிபதி ஏ.என். ராய் கூறியது சரியான பார்வையே. ஆயினும் தேறியும் காத்திருக்க நேர்ந்தவரின் இழப்பு கற்பனையன்று. மாறுபட்ட தீர்ப்பெழுதிய எச்.ஆர். கன்னா அதனை வெளிப்படப் பேசியிருப்பதால், அத்தீர்ப்பும் சேர்த்துப் படிக்கத்தக்கது.

எட்டிப் பிடிக்கும் விதி

கீழ்நிலையில் பத்தாம் எண்ணில் ஒரு பொதுப்பிரிவு எழுத்தரும் இருபத்தைந்தாம் எண்ணில் ஒரு பட்டியல் சாதி எழுத்தரும் இருப்பதாகக் கொள்வோம். ஒதுக்கீட்டுச் சுழற்சியால் பின்னவர் முதலில் மேல்நிலை எழுத்தராகிறார். சில ஆண்டுகள் கழித்து முன்னவரும் அந்நிலையை அடைகிறார். அடுத்துத் தலைமை எழுத்தராகும் வரிசையில் யார் முன்? மேல்நிலையில் முதலில் நுழைந்தவர் என்பது ஒரு விடை. இளையவர் இன்னும் அடுத்த படிக்குச் செல்லாதிருந்தால் பழைய மூத்தவர் தம் இடத்தை மீட்பார் என்பது மற்றொரு விடை. பின்னதே எட்டிப் பிடிக்கும் விதி எனப்பட்டது.

1995 அக்டோபரில், ரயில்வே கார்டுகள் தொடர்பான வீர்பால் சிங் சவுகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விதியை ஏற்றது. 1997இல் ஹரியானாக் கல்வித்துறையில் எழுத்தராகப் பணி தொடங்கியவர்களின் ஜகதீஷ் லால் வழக்கில் அதற்கு மாறான முடிவு வந்தது. 1999 செப்டம்பரில் இரண்டாம் அஜித் சிங் வழக்கின் அரசமைப்பு அமர்வு, ஜகதீஷ் லால் தீர்ப்பு பிழையெனக் கூறி எட்டிப் பிடிக்கும் விதியை மீட்டது. நான்காண்டுகளில் மூன்று தீர்ப்புகள். பட்டியல்களும் அதற்கேற்ப மாற வேண்டியிருந்தன. நாடாளுமன்றம் 2001இல் 85ஆம் திருத்தத்தின் வழியாகத் தொடர்விளைவுப் பணிமூப்பைப் புகுத்தி, ஒதுக்கீட்டால் உயர்ந்தவர் உயர்ந்த நிலையின் மூப்பையும் பெறலாம் என்றது. அது 1995 சூன் 17 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. முன்தேதியிடல் இங்கு ஒரு சட்டச் சொல் மட்டுமன்று. நீதிமன்றங்கள் அளித்த இடத்தை நம்பி ஆறாண்டுகளாக வரிசையில் நின்றவர்களின் எண்கள் அதனால் மறுமுறையும் கேள்விக்குள்ளாயின.

2006இல் நாகராஜ் வழக்கில் இத்திருத்தம் செல்லுமெனக் கொள்ளப்பட்டது; ஆயினும் போதிய இடமின்மையை மாநிலம் தரவுகளால் நிறுவ வேண்டும் என்ற கட்டுப்பாடும் சேர்ந்தது. கருநாடகம் 2002இல் இயற்றிய பணிமூப்புச் சட்டத்தின் முதன்மைப் பிரிவுகள் 2017இல் பவித்ரா வழக்கில் வீழ்ந்தன. தரவு திரட்டி இயற்றிய புதிய சட்டம் 2019இல் நிலைத்தது. 2022 சனவரியில் ஜர்னைல் சிங் வழக்கு, தரவுக்கு அலகு கேடர் என்னும் தனித்தனிப் பணிப்பிரிவே என்றும், பல பணிப்பிரிவுகளை ஒரே தொகுதியாக்கிக் கணக்கிடல் பொருந்தாது என்றும் கூறியது. இதன்படி எழுத்தர் நிலையில் மிகுதியாக உள்ள எண்ணிக்கையைக் கொண்டு கண்காணிப்பாளர் நிலையின் குறைவை மறைக்க இயலாது.

விரும்பிப் பெறும் மாறுதலும் ஊதிய உயர்வும்

மேல்நோக்கிச் செல்வதில் எழும் பூசலுக்கு நேர்மாறாக, மூப்பை விட்டுக்கொடுத்துப் பெறும் மாறுதலும் உண்டு. அஞ்சல்துறைக் கையேட்டின் 38ஆம் விதி, விரும்பி வேறு பிரிவுக்கு மாறுபவரை அப்பிரிவின் பட்டியலில் கடைசியில் நிறுத்துகிறது. குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதற்காகப் பல ஆண்டு மூப்பைத் துறந்து எழுதிக் கொடுத்தவர் எண்ணற்றோர். இழந்தது மூப்பு மட்டுமா, பணி முழுவதுமா? பொன்னப்பன் வழக்கிலும் (1996) ஜோசப் வழக்கிலும் (1998) உச்ச நீதிமன்றம், முந்தைய பணி மூப்புக்குக் கணக்கில் வராதெனினும் பதவி உயர்வுக்கு வேண்டிய அனுபவத் தகுதிக்குக் கணக்கில் வரும் என்றது. மறுவாழ்வுத் துறையிலிருந்து அஞ்சல் தந்தித் துறைக்கு மாற்றப்பட்டோரின் வழக்கிலும் இதே நெறி விரிந்தது. பதினாறாண்டுப் பணிக்குரிய காலமுறை உயர்வுக்கு அவர்களது பழைய பணியும் சேர்க்கப்பட்டது. பிரிவினையால் இடம்பெயர்ந்தோரின் மூப்பைக் காக்க 1949இல் ஓர் ஆணை பிறந்தது. அகதிகளின் மறுவாழ்வுக்கென ஏற்பட்ட துறையில் பணிபுரிந்தவர்கள், பின்னாளில் தம் பணிக்காலம் எண்ணப்பட நீதிமன்றம் செல்ல நேர்ந்தது.

மைய அரசு 1999 ஆகஸ்டில் 12, 24 ஆண்டுகளுக்கும், 2008 செப்டம்பர் முதல் 10, 20, 30 ஆண்டுகளுக்கும் ஊதிய உயர்வுத் திட்டங்களைக் கொணர்ந்தது. படி ஏறாமலேயே ஊதியம் ஏறும் வழி இதனால் எழுத்தருக்குத் திறந்தது. ஆனால் அத்திட்டங்கள் மூப்பைத் தொடுவதில்லை. பட்டியலில் இளையவர் இத்திட்டத்தால் கூடுதல் ஊதியம் பெற்றாலும், மூத்தவர் அதைக் காட்டித் தம் ஊதியத்தை உயர்த்தக் கோர முடியாது என்று 2008ஆம் ஆண்டுத் திட்டம் கூறுகிறது.