ரெடிங் அருங்காட்சியகமும் ரோமானியர் பம்பும்

இங்கிலாந்தின் ரெடிங் நகரத்து அருங்காட்சியகம் 1883இல் பிறந்தது. அதற்குப் பெரும் புகழ் தேடித் தந்தது, அருகிலுள்ள சில்செஸ்டரில் புதைந்து கிடந்த கல்லேவா என்ற ரோமானிய நகரம். ரோமானியர் காலத்துக்குப் பின் கைவிடப்பட்ட அந்நகரின் மேல் வேறொரு நகரம் எழவில்லை. 1890 முதல் 1909 வரை லண்டன் தொல்பொருள் கழகத்தார் அங்கே அகழ்ந்தார்கள். வெலிங்டன் கோமகனின் நிலத்தில் கிடைத்த அந்தப் பொருள்கள் ரெடிங்கின் பொறுப்புக்கு வந்தன.

அவற்றுள் ஒன்று 1895இல் கிடைத்த பம்பு. மரக்கட்டையைக் குடைந்து இரண்டு ஈய உருளைகளைப் பொருத்தியிருந்தார்கள். ஒரு பிஸ்டன் மேலெழும்போது அதன் உருளைக்குள் நீர் புகும். மற்றது கீழிறங்கி, தன் உருளையிலுள்ள நீரை நடுக்குழாய்க்குத் தள்ளும். போன நீர் திரும்பாதபடி வால்வுகள் அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளின் பீச்சாங்குழல் ஒருமுறை பீய்ச்சி ஓயும். இதுவோ மாறி மாறி உந்திக்கொண்டே இருக்கும்.

இந்தப் பொறியமைப்பைக் கண்டுபிடித்தவர் அலெக்சாந்திரியாவின் தெசிபியஸ் என்கிறார் ரோமானியக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியஸ். தீயணைக்கப் பயன்படும் கருவியாக இதை விவரிக்கிறார் பண்டைய கிரேக்கப் பொறியியலாளர் ஹீரோன். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோமீடியா நகரம் தீப்பற்றி எரிந்தபோது, அங்கே பம்பும் இல்லை, வாளியும் இல்லை என்று ஆளுநர் பிளினி ரோமப் பேரரசர் திராஜனுக்கு எழுதினார். 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கவும் அனுமதி கேட்டார். சங்கமாகச் சேருபவர்கள் நாளடைவில் அரசியலில் இறங்கிவிடுவார்கள் என்று அஞ்சிய பேரரசர் குழுவுக்கு அனுமதி மறுத்தார். கருவிகளை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அப்படியானால் சில்செஸ்டர் பம்பும் தீயணைக்கும் கருவிதானா? அதன் மேல் அப்படி எந்த எழுத்தும் இல்லை. இதே போன்ற மரப் பம்புகள் பல ஐரோப்பாவில் கிணறுகளுக்குள் கிடைத்திருக்கின்றன. வீட்டுக்கு நீர் இறைத்ததாகவும் இருக்கலாம். தீப்பிடித்த நாளில் அதுவே ஊரைக் காத்துமிருக்கலாம்.

சில்செஸ்டரில் கிடைத்த வெண்கலக் கழுகுச் சிலை நாவலாசிரியை ரோஸ்மேரி சட்கிளிஃபின் கதைக்கு வித்தாகி உலகப் புகழ் பெற்றது. பம்புக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஆனால் ஒரு ஊர் தண்ணீருக்கும் தீக்கும் நடுவே எப்படி வாழ்ந்தது என்ற கேள்வியை நம் முன் வைப்பது அந்த ஈயமும் மரமும்தான். விடை தெரிந்த பொருளைப் போற்றுவது எளிது. விடை தெரியாததையும் அதே அக்கறையோடு காத்து அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பதே அருங்காட்சியகத்தின் தலையாய கடமை.