வட அயர்லாந்தின் ஆட்சிமன்றங்களும் தன்பாலினத்தார் உரிமைகளும்

உரிமை வேண்டி எழுந்த இயக்கமொன்றின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் தலைவர்களையும் கிளர்ச்சிகளையுமே நோக்குவர். அவ்வியக்கம் எந்த மன்றத்தின் வாயிலில் நின்று தன் வழக்கை உரைக்க நேர்ந்தது என்பதை நோக்குவோர் சிலரே. தன்பாலினத்தவரை நாடும் ஆண்களும் பெண்களும் வட அயர்லாந்தில் உரிமை பெற்ற வரலாறு இவ்வினாவை எழுப்பினாலன்றி விளங்காது.

ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 1861ஆம், 1885ஆம் ஆண்டுச் சட்டங்கள் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் பொதுவாயிருந்தன. (பெண்களுக்கிடையிலான உறவை இச்சட்டங்கள் தீண்டவில்லை.) 21 வயது நிரம்பிய ஆண்கள் இருவர் தனிமையில் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என 1967இல் இலண்டன் பாராளுமன்றம் விதித்தது. ஆயின் அவ்விதி இங்கிலாந்தையும் வேல்சையுமே தழுவியது. வட அயர்லாந்துக்கு 1921 முதல் தனிப் பாராளுமன்றம் இருந்தது. ஒரே கட்சியின் ஆட்சியில் ஐம்பதாண்டு கழித்த அம்மன்றம் பழைய சட்டத்தை மாற்றவில்லை. 1972இல் அது நிறுத்தப்பட்டு இலண்டனின் நேரடி ஆட்சி வந்தது. 1978இல் சீர்திருத்த வரைவொன்று வெளியாயிற்று. இயன் பெயிஸ்லி தலைமையிலான எதிர்ப்பியக்கம் ஏறத்தாழ 70,000 கையொப்பங்களைத் திரட்டவே, மறு ஆண்டில் அரசாங்கம் வரைவைக் கைவிட்டது.

உள்ளூரிலும் இலண்டனிலும் கதவடைபட்டோர்க்கு எஞ்சியது ஸ்திராஸ்பூர்க் நகரின் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமே. பெல்பாஸ்ற் நகரில் கப்பற் கம்பனி எழுதுவினைஞராயிருந்த ஜெவ்ரி டட்ஜனின் வீட்டைப் பொலிசார் 1976 சனவரியில் போதைப்பொருள் தேடிச் சோதித்தனர். அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் எடுத்துச்சென்று, அவரது அந்தரங்க வாழ்வுபற்றி நான்கரை மணிநேரம் வினவினர். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. எனினும் அச்சட்டம் நிலைத்திருப்பதே தம் தனிவாழ்வில் தலையிடுவதாகும் என அவர் முறையிட்டார். 1981 ஒக்டோபரில் நீதிபதிகளுள் 15 பேர் அவர் பக்கமும் 4 பேர் எதிர்ப்பக்கமும் நின்றனர். தேர்தலிலே வாக்கிழக்கும் அச்சம் அந்நீதிபதிகளுக்கு இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1982இல் சட்டம் மாறிற்று. அதுவும் உள்ளூர் மன்றமின்றியே.

இதன்பின் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 1998ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் அமைந்த புதிய சபை 2002இல் இடைநிறுத்தப்பட்டிருந்த வேளையிலேதான் குடியியல் இணைவுச் சட்டம் 2004இல் இலண்டனில் நிறைவேறியது. மறு ஆண்டு திசெம்பரில், ஐக்கிய இராச்சியத்தில் அச்சட்டத்தின்படி வழமையான காத்திருப்புக் காலத்தின்பின் முதலிற் பதிவுபெற்ற இணைவு பெல்பாஸ்ற் நகரிலேயே நிகழ்ந்தது. பதிவுசெய்தோர் பெண்கள் இருவர்.

சபை மீண்டும் கூடியபோது வேறொரு தடை எழுந்தது. அக்காலத்து விதிப்படி, உறுப்பினர் 30 பேர் கையொப்பமிட்டுக் 'கரிசனை மனு' அளித்தால், இரு சமூகத்தார் ஆதரவுமின்றி எத்தீர்மானமும் நிறைவேற முடியாதிருந்தது. கத்தோலிக்கரோ புரட்டஸ்தாந்தரோ மற்றவரால் நசுக்கப்படாதிருக்க வகுத்த காப்பு இது. 2015 நவம்பரில் தன்பாலினத்தார் திருமணத்தைப் பெரும்பான்மையோர் முதன்முறையாக ஆதரித்து வாக்களித்தும் இம்மனுவால் அது வீழ்ந்தது. ஒரு சிறுபான்மையைக் காக்க எழுப்பிய மதில் மற்றொரு சிறுபான்மையை வெளியே நிறுத்தியது. மதில் அமைத்தோரைக் குறைகூறுவதற்கில்லை. உள்ளே வருவோர் இரு வகையினரே என அவர்கள் எண்ணியிருந்தனர்.

அதே ஆண்டு மே மாதம், அதே தீவின் தெற்கே, அயர்லாந்துக் குடியரசின் மக்கள் 62 வீத வாக்கால் அத்திருமணத்தை ஏற்றிருந்தனர். அங்கே அரசியலமைப்பைத் திருத்த மக்கள் தீர்ப்பு வேண்டும். ஆதலின் அவ்வியக்கத்தார் வீடு வீடாகச் சென்று அயலாரோடு பேசினர். வடக்கே அயலாரின் மனம் மாறியும் சட்டம் மாறவில்லை. இயக்கத்தார் மீண்டும் இலண்டனை நாடினர்.

2017 சனவரியிற் சபை மறுபடி முடங்கியது. 2019 யூலையில் இலண்டன் பொதுமக்கள் சபை 383க்கு 73 என்ற வாக்கால் வட அயர்லாந்துக்கும் திருமண உரிமையை விரித்தது. மூன்றாண்டு மூடிக்கிடந்த பெல்பாஸ்ற் சபை 2020 சனவரி 11ஆம் நாள் மீண்டும் கூடியது. அதற்கு இரு நாட்களின் பின் அவ்விதிகள் நடைமுறைக்கு வந்தன.